இரண்டு பேர்த்தும் எனக்குத்தான்

சென்ற கிழமை சூரிச்சிலிருந்து மகள் கூப்பிட்டாள். வியன்னாவுக்கு இரவு ரயிலில் போகப்போகிறாள். பதிவு செய்கிற நேரத்தில் ஒரு சின்னச் சந்தேகம்.

“அப்பா, ஆறு பேர் படுக்கிற அறையும் இருக்கு, மூண்டு பேர் படுக்கிறதும் இருக்கு, ஒராளுக்கெண்டு தனி அறையும் இருக்கு. எதை எடுக்க?”

பிள்ளை கேட்டது ஒரு வரி. நான் கால் மணித்தியாலம் கதைத்தேன். சில்லுக்கு மேலே வருகிற அறை வேண்டாம், முதுகெலும்பு விடியுமட்டும் தாளம் போடும். கக்கூசுக்குப் பக்கத்து அறையும் வேண்டாம், போகிறவர் வருகிறவர் எல்லாரும் கதவை அடித்துச் சாத்துவார்கள். பெட்டியின் நடுவில் பார். கீழே படுத்தால் யன்னல் கிடைக்கும். மேலே படுத்தால் ஒருவரும் வந்து உன் காலடியில் குந்தமாட்டார்கள். இப்படியே போய்க்கொண்டிருந்தேன். குசினிக்குள் நின்ற மனைவி, “அவள் போனிலை ஒரு பெட்டியை அமத்தப்போறாள், அவ்வளவுதான். நீங்கள் இன்னும் கவுண்டருக்குள்ளையோ இருக்கிறியள்?” என்று கேட்டாள். மகள் தனி அறையையே எடுத்தாள்.

மனைவி சொன்னது சரிதான். தொலைபேசியை வைத்த பிறகும் நான் கவுண்டருக்குள்தான் இருந்தேன். படுக்கைப் பெட்டிகளுக்கென்றே ஒரு மணம் இருந்தது, உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். வெயிலில் காய்ந்த ரெக்சின், பினாயில், சலவை செய்து மடித்த விரிப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் டீசல். அந்த மணம் மூக்கை விட்டுப் போகவில்லை.

எண்பத்து மூன்றின் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டு ரயில் நிலையம் ஒன்றில் பதிவுக் கிளாக்கராகச் சேர்ந்தேன். எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. இதில் வரப்போகிற பிழை முழுக்க என்னுடையது, கட்டடத்தின் பெயரை ஏன் கெடுப்பான்? எனக்கு இருபத்து நான்கு வயது. கம்பி போட்ட யன்னலுக்குப் பின்னால் இருந்து பென்சிலால் பெயர் எழுதுகிற எனக்கு, கொழும்புக்குப் போகிற ரயிலையே, எங்கள் பேச்சில் கோச்சியையே, நான்தான் ஓட்டிப் போகிறேன் என்ற நினைப்பு.

இரவு மெயிலின் முதலாம் வகுப்பில் சின்னச் சின்ன அறைகள் இருந்தன. மேலே ஒரு படுக்கை, கீழே ஒரு படுக்கை, பேர்த் என்போம், மூலையில் முகம் கழுவ ஒரு பேசின், உள்ளிருந்து திறாங்கு போடக்கூடிய கதவு. தனியே வருகிற பெண்ணுக்கு இன்னொரு பெண்ணைத்தான் சோடி சேர்க்கவேண்டும். யாரை எங்கே போடுவது என்பது என் பெரிய கொப்பியில் நான் போடுகிற கோடுதான். கீழ் பேர்த்துக்குச் சண்டை பிடித்தவர்களை எண்ணி முடியாது. இணுவில்காரர் ஒருவர் வடக்கே தலை வைத்துப் படுக்கமாட்டேன் என்று வந்து நின்றார். படுக்கை பெட்டிக்குக் குறுக்கே கிடக்கும், கிழக்கே தலையை வைக்கலாம் என்று நான் படம் கீறிக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “அப்ப கோச்சி வளைஞ்சால்?” என்று கேட்டார்.

தங்கரத்தினம் அம்மா வந்தது ஒரு முற்பகலில். நீர்வேலி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். வாழைத்தோட்டக்காரரின் மனைவி. கூடவே மகன் யோகன் வந்திருந்தான். அவனுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கொழும்பில் கட்டிக்கொடுத்த மகளுக்கு மாதம் நெருங்கியிருந்தது. பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறா.

“ஒரு பேர்த்தோ அம்மா?”

“இல்லைத் தம்பி. ஒரு அறை.”

“அறையிலை இரண்டு பேர்த் இருக்கும். மற்றது ஆருக்கு?”

“எனக்குத்தான். இரண்டு பேர்த்தும் எனக்குத்தான்.”

யோகன் யன்னலை விட்டு இரண்டடி பின்னுக்குப் போய், தன்னோடு சம்பந்தமில்லாத ஒருவர் என்பதுபோல நேர அட்டவணையைப் படிக்கத் தொடங்கினான். பிறகு பொறுக்கமுடியாமல் திரும்பி வந்தான்.

“அம்மா, சனம் என்ன சொல்லும்? துணைக்கு ஒரு பொம்பிளையைப் போடுவினம். பேசாமல் வாங்கோ.”

“சனம் என்னோடை வரேல்லைத்தானே,” என்றா அவ.

பிறகு என்னைப் பார்த்து, குரலைக் குறைத்துச் சொன்னா. “தம்பி, நான் பிறந்த வீட்டிலை ஏழு பேர். கலியாணம் கட்டி வந்தால் மாமி, மச்சாள்மார். பிறகு என்ரை பிள்ளையள். இப்ப பேரப்பிள்ளையள் இரண்டு பக்கமும் காலைப் போட்டுக்கொண்டு படுக்குதுகள். நான் குறை சொல்லேல்லை. எல்லாம் என்ரை சனம்தான். ஆனால் ஒரு அறையிலை தனிய ஒரு ராத்திரி நான் படுத்ததில்லை. கொழும்பிலை மகளின்ரை வீடும் நிறைஞ்ச வீடு. இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவிலை ஒரு ராத்திரி கிடக்கு. அது எனக்கு வேணும்.”

“ஐயா என்ன சொல்லுறார்?”

“அவர் குறட்டை விடுற மனிசன். போயிட்டு வா எண்டுட்டார்.”

விதியைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு பேர்த்துக்கும் காசு கொடுக்கிறவர் இரண்டையும் எடுக்கக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் அவ லேசில் எழுத விடவில்லை. திறாங்கு உள்ளிருந்து மட்டுமா? வேறு யாரிடம் திறப்பு இருக்கும்? யன்னலைத் திறந்து வைக்கலாமா? ஆனையிறவுக் கடல் எந்தப் பக்கம் தெரியும்? மூன்று தரம் வந்தா. மூன்றாம் தரம், பழுதுபார்க்கவென்று பக்கத்துத் தண்டவாளத்தில் விட்டிருந்த படுக்கைப் பெட்டி ஒன்றுக்குள் ஏற்றிக் காட்டினேன். வேறு எவருக்கும் அப்படிச் செய்ததில்லை. ஒரு அறையைத் திறந்துவிட்டதும் உள்ளே போய், கதவைச் சாத்தி, திறாங்கைப் போட்டுவிட்டா. நான் வெயிலில் சுட்டுக்கொண்டிருந்த நடைபாதையில் காத்து நின்றேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் கதவு திறந்தது. “இவ்வளவும் காணும் எனக்கு. இதே மாதிரி அறை எழுதும்,” என்றா.

நடு அறையாகப் பார்த்து எழுதினேன். அன்றைக்கு என் தலைக்குள் அந்த அம்மாதான் நிறைந்திருந்தா. அதே பக்கத்தில் இன்னொரு அறையின் கீழ் பேர்த்தை இரண்டு பெண்களுக்கு எழுதிவிட்டேன் என்பது எனக்குத் தெரியாது.

தெரியவந்தது பயண நாள் பின்னேரம். கோச்சி வந்து நின்றது. தங்கரத்தினம் அம்மா ஒரு கைப்பை, ஒரு சாப்பாட்டுப் பார்சலோடு ஏறி, யோகனுக்குக் கை காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினா. கொஞ்ச நேரத்தில் நெல்லியடியிலிருந்து வந்த ஆசிரியை ஒருவர் பெட்டியோடு என் முன்னால் நின்றார். அவருடைய பேர்த்தில் காங்கேசன்துறையிலேயே ஏறிய ஒரு வயோதிபப் பெண் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். இருவரிடமும் என் கையெழுத்தில் ரிக்கற்.

“நாளைக்குக் காலமை எனக்கு நேர்முகப் பரீட்சை,” என்றார் ஆசிரியை. “படுத்து எழும்பிப் போகவேணுமெண்டுதான் சேர்த்து வைச்ச காசிலை முதலாம் வகுப்பு எடுத்தனான்.”

கொப்பியைப் புரட்டினேன். ரயிலில் வெறுமையாக இருந்தது ஒரே ஒரு பேர்த். ஓடிப்போய் நடு அறைக் கதவைத் தட்டினேன். நாலு விரற்கடை அளவுக்குத் திறந்தது. விசயத்தைச் சொன்னேன். பிழை என்னுடையது, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம், மேல் பேர்த்தை மட்டும் தந்தால் போதும், ஆசிரியை நல்ல பிள்ளை, சத்தம் போடமாட்டா. நான் சொல்லி முடிக்குமட்டும் அவ பொறுமையாகக் கேட்டா. ஆசிரியையை எட்டிப் பார்த்தா. அவவின் முகத்தில் இரக்கம் இருந்தது. சரி என்று சொல்லப்போகிறா என்று நினைத்தேன்.

“இல்லைத் தம்பி. என்னாலை ஏலாது.”

“ஒரு ராத்திரிதானே அம்மா.”

“ஓம். எனக்கும் ஒரு ராத்திரிதான்.”

கதவு சாத்திக்கொண்டது. திறாங்கு விழுகிற சத்தம் கேட்டது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. ரயில் கார்ட்டிடம் போய்ப் பிழையை ஒத்துக்கொண்டேன். அவர் என்னைத் திட்டிக்கொண்டே இரண்டாம் வகுப்பில் ஒரு சாய்கதிரை தேடிக்கொடுத்தார். ஆசிரியை யன்னலோரம் இருந்து, ரயில் அசையுமட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த கிழமை அந்த ஆசிரியை கவுண்டருக்கு வந்தார். கையில் முறைப்பாட்டுக் கடிதம். மேலதிகாரிக்கு அனுப்பமுன் நான் ஒருதரம் வாசிக்கவேண்டுமாம், “ஒரு பொய்யும் எழுதேல்லை எண்டு நீங்களே பாருங்கோ.” வாசித்தேன். இரண்டு பக்கம், ஒரு வெட்டுத் திருத்தம் இல்லை. அந்த நேரத்தில் ஒரு மனிதன் மன்னிப்புக் கேட்பான், இல்லாவிட்டால் காரணம் சொல்லுவான். நான், “உங்கடை கையெழுத்து நல்ல வடிவு,” என்றேன். அவர் முகத்தைக் கடுமையாக வைத்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

கடிதத்தை நானே மேலே அனுப்பினேன். எச்சரிக்கை வந்தது. அதைக் கேள்விப்பட்டு, மனம் கேளாமல் அவர் இன்னொரு நாள் வந்தார். நேர்முகத்தில் எடுபட்டுவிட்ட செய்தியையும் சொன்னார். பிறகு ரிக்கற் எடுக்காமலும் வந்தார். எண்பத்தைந்தில் எங்களுக்குக் கலியாணம். அந்தக் கையெழுத்துத்தான் இப்போது எங்கள் வீட்டுச் சாமான் பட்டியலில் இருக்கிறது. நான் இன்னும் கவுண்டருக்குள்ளேயா என்று குசினியிலிருந்து கேட்டதும் அவள்தான்.

தங்கரத்தினம் அம்மா ஊர் திரும்பியது ஒன்றரை மாதம் கழித்து. ஒரு சீப்பு கதலிப்பழத்தோடு கவுண்டருக்கு வந்தா. நான் முகத்தைக் கொடுக்கவில்லை.

“கோபமோ?”

“இல்லை.”

“கோபம்தான். நீர் கேட்டதிலை பிழை இல்லை. அந்தப் பிள்ளையின்ரை முகம் எனக்கு வவுனியா தாண்டுமட்டும் கண்ணுக்கை நிண்டது. எண்டாலும் திறந்திருந்தால் எனக்கு இனி ஒருநாளும் கிடையாது.”

என் கோபம் கரைந்தது எனக்கே பிடிக்கவில்லை. எதையாவது கேட்கவேண்டும் என்று, “நல்ல நித்திரையோ?” என்றேன்.

“நித்திரையோ? கண்ணே மூடேல்லை. நித்திரை கொண்டால் அந்த அறையை ஆர் பாக்கிறது?”

பிறகு தான் செய்ததை எல்லாம் சொன்னா. தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு யன்னலோரம் இருந்தாவாம். பார்சலைப் பிரித்துப் புட்டையும் முட்டைப் பொரியலையும் ஒருவருக்கும் பங்கு வைக்காமல் தின்றாவாம். கீழே கொஞ்சம் படுத்து, மேலே ஏறிக் கொஞ்சம் படுத்து, திரும்ப இறங்கினாவாம். அனுராதபுரத்துக்கு அங்கால் தேவாரம் ஒன்றை உரத்துப் பாடினாவாம். “பாதியிலை மறந்துபோச்சு. சிரிக்க ஒருத்தரும் இல்லை. நானே சிரிச்சன்.” சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்கவேண்டும். கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்கும்போது பேத்தி பிறந்துவிட்ட சேதியோடு மருமகன் காத்து நின்றாராம்.

அந்த வருட நடுவில், ஆடிக் கலவரத்தோடு, எல்லாம் மாறியது உங்களுக்குத் தெரியும். கோச்சி ஓடும், நிற்கும், பிறகும் ஓடும். தொண்ணூறில் சண்டையால் ஒரேயடியாக நின்றது. கவுண்டரைப் பூட்டித் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்க ஆளில்லாமல் நின்றேன்.

தொண்ணூற்றைந்தில் ஆமி முன்னேறி வர, வலிகாமத்துச் சனம் முழுக்க மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தது. எங்களுக்கு ஒரு பள்ளிக்கூட வகுப்பறையின் அரைவாசி கிடைத்தது. அதற்குள் ஒன்பது குடும்பம். மூன்றாம் நாள், கரும்பலகைப் பக்கத்து மூலையிலிருந்து ஒரு குரல். “தம்பி, நீர் கோச்சிக் கிளாக்கர் எல்லே?” தலை நரைத்திருந்தது, குரல் அப்படியே இருந்தது. சுற்றிவரப் பேரப்பிள்ளைகள். நான் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். யார் என்று சொன்னதும் தங்கரத்தினம் அம்மா அவளின் கையைப் பிடித்தா.

“நான்தான் பிள்ளை உமக்குக் கதவைத் திறக்காதவள்.”

“திறந்திருந்தால் நான் நித்திரை கொண்டு எழும்பிப் போயிருப்பன்,” என்றாள் என் மனைவி. “இவரைத் திரும்பிப் பாக்கவந்திருக்கமாட்டன்.”

அவ வாய்விட்டுச் சிரித்தா. மனைவியும் சிரித்தாள். ஒன்பது குடும்பமும் திரும்பிப் பார்த்தது. அந்த மூன்று நாளில் அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு அது. பிறகு தன் பாயைச் சுருட்டித் தள்ளி, எங்கள் மகளுக்குத் தன் பக்கத்தில் இடம் போட்டா. அங்கே இருந்த ஆறு மாதமும் மகள் அவவின் கையில் தலை வைத்துத்தான் படுத்தாள். ஆளுக்கு இரண்டு முழம் இடம்கூட இல்லாத அந்த இடத்தில், நாங்கள் சந்தோசமாகவும் இருந்தோம் என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது.

தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த சிலிப்பர்க் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குப் போயின, தண்டவாளமும் போயிற்று. நான் வேலை செய்த கட்டடத்தைக் கூரையில்லாமல் ஒருதரம் பார்த்தேன். என் பெரிய கொப்பி எந்த அடுப்பில் எரிந்ததோ. இப்போது புதுத் தண்டவாளம், புது நிலையம், கோச்சியும் ஓடுகிறது. அதில் எனக்குச் சந்தோசம்தான். தங்கரத்தினம் அம்மா அதைப் பார்க்க இருக்கவில்லை.

போன வருடம் நீர்வேலிக்கு ஒரு கலியாண வீட்டுக்குப் போனபோது யோகனின் வீட்டுக்கும் போனேன். பெரிய வீடு, ஆறு அறை. சகோதரங்கள் கனடாவிலும் லண்டனிலும். அவனுடைய பிள்ளைகளும் போய்விட்டார்கள். மனைவி பேரப்பிள்ளையைப் பார்க்கப் பிரான்சுக்குப் போய் ஐந்து மாதம். தேத்தண்ணியை அவனே ஊற்றிக்கொண்டு வந்தான்.

அம்மாவின் அறைப் பதிவைச் சொல்லி இருவரும் சிரித்தோம். அப்போது தான் வெட்கப்பட்டதை நினைத்து அவன் தலையில் கையை வைத்தான். வெளிக்கிடும்போது படலை வரைக்கும் வந்தான்.

“அண்ணை, ஆறு அறையிலையும் மாறி மாறிப் படுத்துப் பாத்திட்டன்,” என்றான். “ஒண்டிலையும் நித்திரை வருகுதில்லை.”