வெள்ளிமலைக்கு ஏறிய 'நம்ம நம்பர்'

காலை 9.50. உளுந்தூர்ப்பேட்டையில் ஏறிய பேருந்து, தியாகதுருகம் கோட்டைக் குன்றை வலப்பக்கம் ஒருமுறை காட்டிவிட்டு, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் என்னை இறக்கிவிட்டது. புதன்கிழமை. தேநீர் பன்னிரண்டு ரூபாய், நல்ல சூடு. குடித்து முடிப்பதற்குள் கைப்பேசியில் மூன்று செய்திகள். வங்கி கடவுச்சொல்லை மாற்றச் சொன்னது. காப்பீட்டுக்காரர்கள் புதிய நிபந்தனைகளுக்குச் சம்மதமா என்று பதினோராவது நாளாகக் கேட்டார்கள். மூன்றாவதைத் திறக்கவில்லை. கல்வராயன் மலையில் பல இடங்களில் டவர் கிடைக்காது என்று கேள்விப்பட்டுத்தான் கிளம்பியிருந்தேன். பெரியார் அருவியைப் பார்ப்பது, இரண்டு நாள் யாருக்கும் பதில் சொல்லாமல் இருப்பது. திட்டம் அவ்வளவுதான்.

10.35. வெள்ளிமலைப் பேருந்து. சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். பக்கத்து இருக்கையில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் அமர்ந்தார். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி, கையில் பழைய கைப்பேசி. நிமிடத்துக்கு ஒருமுறை அதில் மணி பார்த்தார். நடத்துநர் அவரைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இன்னா பாய், நீயே கெளம்பிட்ட? கடைய யாரு பாக்கறது?"

"சாத்திட்டேன். நேத்து உன்கிட்ட குடுத்தனே சீட்டு, அதுக்கு பதிலே வரலியே."

"வெள்ளிமலைக்கு வந்திருந்துச்சி, கையிலயே குடுத்தேன் பாய். படிச்சிட்டு மடிச்சி வெச்சிக்கிச்சி. ஒண்ணும் சொல்லல."

"அதான் போய்க்கினு இருக்கேன்."

இவர் ஜப்பார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் குடம், கயிறு, தார்ப்பாய் விற்கும் கடை வைத்திருக்கிறார். வடக்கனந்தலைத் தாண்டி, கச்சிராயபாளையம் வருவதற்குள் விஷயம் எனக்கு விளங்கிவிட்டது.

வெள்ளிமலையில் டவர் உண்டு. அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே, இரண்டு மேடுகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு சிற்றூரில் இல்லை. அங்கே இருபத்தேழு வீடுகள். சிலிண்டருக்குப் பதிய, ரேஷன் அட்டைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, வங்கிக்கு என்று எந்தப் படிவத்தை நீட்டினாலும் தொலைபேசி எண் கேட்கிறார்கள். ஒன்பது வருடங்களுக்கு முன் தார்ப்பாய் வாங்க வந்த ஒருவர், செய்தி வந்தால் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று ஜப்பாரின் எண்ணை எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் அவர் தம்பி. பிறகு ஊரே. இன்று அந்த ஊரில் யாரிடம் எண் கேட்டாலும், "நம்ம நம்பர எழுதிக்கோங்க" என்று சொல்லி ஜப்பாரின் பத்து இலக்கங்களை மனப்பாடமாக ஒப்பிப்பார்களாம்.

வரும் செய்திகளை ஜப்பார் சோப்புப் பெட்டி அட்டையில் எழுதி, பெயர் போட்டு, இந்தப் பேருந்தில் கொடுத்தனுப்புகிறார்; வெள்ளிமலைக்கு வரும் ஊர்க்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். அதுதான் சீட்டு. ஓடிபி தேவைப்படும் வேலை என்றால் ஆள் இறங்கி வந்து கடையில் உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

பத்திரிகையில் வேலை செய்யும் பழக்கத்தில் கேட்டேன்: "இத்தனை பேருடைய விஷயம் ஒரே போனில் இருப்பது ஆபத்து இல்லையா?"

"இருக்குது சார். அதனாலதான் பயந்துக்கினே வெச்சிருக்கேன். பயம் கம்மியாச்சுன்னா அன்னிக்கே இத வேற ஆளு கையில குடுத்துடணும்."

இன்றைய பயணத்துக்குக் காரணம் மல்லிகா என்ற முப்பத்தோரு வயதுப் பெண். பிளஸ் டூ படித்தவர், இரண்டு பிள்ளைகள். கணவர் குடகில் காப்பித் தோட்ட வேலையில் இருக்கிறார். கிராம சுகாதாரச் செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தார். இரண்டு வருடம், விழுப்புரத்தில் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். இடம் கிடைத்துவிட்டது. ஏற்கிறேன், மறுக்கிறேன் என்ற இரண்டில் ஒன்றை இன்று மாலை ஐந்து மணிக்குள் அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

"நீங்களே 'ஏற்கிறேன்' என்று அழுத்தியிருக்கலாமே?"

ஜப்பார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நம்பர்தான் சார் என்னுது. வாழ்க்கை அதோடது."

11.40. கோமுகி அணையைத் தாண்டியதும் ஏற்றம். மூங்கில், பிறகு கடுக்காய் மரங்கள், வளைவுக்கு வளைவு குளிர் கூடியது. பெரியார் அருவி நிறுத்தத்தில் நான் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அருவி நாளையும் இருக்கும்.

பகல் 12.20. வெள்ளிமலை. அங்கிருந்து உள்ளே போகும் சரக்கு வண்டியில் ஆளுக்கு முப்பது ரூபாய். மரவள்ளிக் கிழங்கு ஏற்ற அடுத்த ஊருக்குப் போகும் வண்டி; எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது.

1.15. ஊர் சுத்தமாக இருந்தது. சாணம் மெழுகிய வாசல்கள், நீலத் தார்ப்பாய் போர்த்திய கூரைகள். அந்தத் தார்ப்பாய்கள் எந்தக் கடையில் வாங்கியவை என்று கேட்கத் தேவையில்லை. ஜப்பாரைப் பார்த்ததும் நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் சத்தமாகப் பேசியவர் மல்லிகாவின் ஓரகத்தி சின்னப்பொண்ணு.

"இன்னா பாய், வழி மாறி வந்துட்டீங்களா? குடம் ஓட்டையா இருந்துச்சே, மாத்திக் குடுக்க வந்தீங்களா?"

"குடத்த நீ போட்டு ஒடச்சிட்டு என்ன சொல்ற. மல்லிகா எங்க? அஞ்சு மணிக்குள்ள ஓடிபி போடணும்."

"ஓடிபி எதுல வரும்?"

"இதுலதான்" என்று ஜப்பார் கைப்பேசியைத் தூக்கிக் காட்டினார்.

சின்னப்பொண்ணு தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "அய்யோ பாய்! நம்ம நம்பரையே தூக்கினு மேல வந்துட்டீங்களா!"

ஜப்பார் திரையைப் பார்த்தார். டவர் கோடு ஒன்றுகூட இல்லை. ஊருக்கு டவர் இல்லை என்பதற்காகவே கீழே இருக்க வேண்டிய எண், ஒன்பது வருடத்தில் முதன்முறையாக ஊருக்குள் வந்து ஊமையாகிவிட்டது. பேருந்தில் அத்தனை முறை மணி பார்த்தவருக்கு இந்த ஒன்று மட்டும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

1.40. மல்லிகா மரவள்ளிக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். ஒல்லியானவர், நிதானமான குரல். சீட்டை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார்.

"ஏம்மா பதில் அனுப்பல?" என்றார் ஜப்பார்.

"இன்னான்னு அனுப்பறது பாய்? போறதா வாணாமான்னு எனக்கே தெரியல. அஞ்சு மணி ஆயிட்டா அதுவே போயிடும்னு இருந்துட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. பதினொரு நாளாக நான் காப்பீட்டுக்காரர்களுக்குச் செய்துகொண்டிருப்பதும் இதுதான்.

"வாணாம்னாலும் சரிதான்" என்றார் ஜப்பார். "ஆனா வாணாம்னு நீ சொல்லணும். மணி சொல்லக்கூடாது."

மல்லிகா களைக்கொத்தைக் கீழே வைத்தார். "சின்னவனுக்கு அஞ்சு வயசு பாய். ரெண்டு வருசம்."

"ஏன், நாங்கள்லாம் செத்துட்டமா?" என்றார் பின்னாலேயே வந்திருந்த சின்னப்பொண்ணு. "என் மூணோட உன்னுது ரெண்டும் சோறு துன்னுட்டுப் போவுது. நீ ஊசி போடக் கத்துக்கினு வா. மொத ஊசி எம் மாமியாருக்குத்தான் போடணும்."

"உம் மாமியார்தான் எனக்கும் மாமியார்."

"அதான் சொல்றேன். நல்லா அழுத்திப் போடு."

மல்லிகா சிரித்துவிட்டார். ஆனால் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்றார். அவரைக் கேட்பதற்கும் டவர் வேண்டும்.

3.25. டவர்ப் பாறை, வெள்ளிமலைச் சாலையோரம், ஊரிலிருந்து இரண்டரைக் கிலோமீட்டர். மல்லிகா வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வந்த பிறகு, நால்வரும் நடந்தோம். யானை முதுகு போல் வழுவழுப்பான பாறை. அதன் கிழக்கு விளிம்பில் சுமார் ஆறடி அகலத்துக்கு மட்டும் டவர் கிடைக்கிறது. சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் ஐந்து பேர் ஏற்கெனவே காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் விளிம்பில் நின்று ஆடு விலை பேசிக்கொண்டிருந்தார்.

நான் இதுவரை பார்த்த எந்த வரிசையிலும் இல்லாத ஒழுங்கை இங்கே பார்த்தேன். ஜப்பார், "ஓடிபி" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். ஆடு விலை பேசிக்கொண்டிருந்தவர், "அப்பறம் கூப்புடறேன்" என்று பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டு இறங்கினார். யாரும் முணுமுணுக்கவில்லை. ஓடிபி சீக்கிரம் செத்துப்போகும், ஆடு சாகாது என்று பிறகு அவரே எனக்கு விளக்கினார். இன்னொரு வழக்கமும் உண்டு. விளிம்பில் நிற்பவர் பேசத் தொடங்கியதும் மற்ற எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார்கள். சுவர் இல்லாத இடத்தில் முதுகுகளே சுவர்.

முதலில் மல்லிகா ஜப்பாரின் கைப்பேசியில் குடகுக்கு அழைத்தார். கணவருக்கு மணி போய்க்கொண்டே இருந்தது. மூன்று முறை முயன்று, 4.05க்குத்தான் கிடைத்தார். நாங்கள் திரும்பி நின்றோம். ஆனாலும் காற்று எங்கள் பக்கம் வீசியது.

"ஏழு மணிக்கா? ஏழு மணிக்கு அது இருக்காதுங்க... இல்ல, அஞ்சோட முடிஞ்சிடும்... சரி. நீங்க வேலயப் பாருங்க."

யோசித்து ஏழு மணிக்குச் சொல்கிறாராம்.

4.15. ஜப்பார் பக்கத்தைத் திறந்துகொடுத்தார். விண்ணப்ப எண், பிறந்த தேதி, கீழே இரண்டு கட்டங்கள். கைப்பேசியை மல்லிகாவின் கையில் வைத்துவிட்டு மூன்றடி தள்ளிப்போய்த் திரும்பிக்கொண்டார்.

"பாய், நீங்க இன்னா சொல்றீங்க?"

"நான் அந்தப் பக்கம் பாத்துக்கினு இருக்கேன்மா."

"அக்கா?"

"நானும்தான்" என்றார் சின்னப்பொண்ணு. வாய் ஓயாத அவரும் அப்போது பள்ளத்தாக்கைப் பார்த்துத்தான் நின்றார்.

கீழே கோமுகி அணை நீர் ஒரு தகரத் துண்டு போல மின்னியது. எட்டுப் பேர் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன்: ஒன்பது நிமிடங்கள்.

"பாய், ஓடிபி வந்துச்சி" என்றார் மல்லிகா. திரும்பிப் பார்த்தபோது, விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கிறேன் என்ற கட்டம் பச்சையாகியிருந்தது.

ஓடிபியைப் போடுவதற்குள் திரை சுற்ற ஆரம்பித்து நின்றது. நேரம் கடந்துவிட்டது, மீண்டும் முயல்க. மறுபடி கேட்டார்கள். 4.38க்கு வந்தது. இரண்டாவது முறை ஜப்பார் எண்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிக்க, மல்லிகா அழுத்தினார். செய்தியின் கடைசி வரியையும் ஜப்பார் பழக்கதோஷத்தில் வாசித்துவிட்டார்: இதை யாருடனும் பகிர வேண்டாம்.

பாறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ஆட்டுக்காரர்தான் முதலில்.

4.43. உறுதி செய்யப்பட்டது என்று வந்தது. மல்லிகா அதை இரண்டு முறை படித்தார். அழவில்லை, "சின்னவனுக்கு யாரு சொல்றது" என்று மட்டும் கேட்டார்.

"விழுப்புரத்துல டவர் நல்லா இருக்கும். உனக்குன்னு ஒரு நம்பர் வாங்கிக்கோம்மா" என்றார் ஜப்பார்.

"வாங்கிக்கறேன் பாய். ஆனா வூட்டுக்கு நம்ம நம்பரே இருக்கட்டும். நான் கூப்புட்டா நீங்கதான சீட்டு அனுப்பணும்."

ஆட்டுக்காரர் மறுபடி விளிம்பில் ஏறினார். நாங்கள் திரும்பி நின்றோம்.

5.30. பாறையோரம் வந்த ஒரு சரக்கு வண்டி எங்கள் இருவரையும் வெள்ளிமலையில் விட்டது. அங்கிருந்து இறங்கும் பேருந்தில் ஜப்பார் ஏறினார். நான் அங்கேயே தங்குவதாக இருந்தேன், வழியனுப்ப நின்றேன். பாறையின் அரைகுறை டவரில் வந்து சேராத செய்திகள் வெள்ளிமலை டவரில் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. சிலிண்டர், ரேஷன், பள்ளிக்கூடக் கூட்டம், யாருக்கோ மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை முடிவு. பதினாலு.

"காலைலேர்ந்து இருபத்தேழு வூடும் ஊர்ல இல்லாத மாதிரி ஆயிடுச்சி சார்" என்றார் குற்ற உணர்வோடு. பேருந்து கிளம்பும்போது, சட்டைப்பையிலிருந்து ஒரு சோப்புப் பெட்டி அட்டையை எடுத்து மடியில் வைத்து எழுதத் தொடங்கியிருந்தார்.

மறுநாள் பெரியார் அருவியைப் பார்த்தேன். தண்ணீர் கம்மிதான். ஆனால் அழகு.

சென்னைக்குத் திரும்பியதும் காப்பீட்டுப் படிவத்தை உட்கார்ந்து படித்தேன். நிபந்தனைகள் பிடிக்கவில்லை; சம்மதமில்லை என்று நானே அழுத்தினேன். வேறொரு நிறுவனத்தின் படிவத்தை நிரப்பினேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம்: மாற்றுத் தொலைபேசி எண், உங்களைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால். இருபது வருடமாக இந்தக் கட்டத்தில் என்னுடைய இரண்டாவது எண்ணையே எழுதி வந்திருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் நாற்பத்தெட்டு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் டவர் நன்றாகக் கிடைக்கிறது.

இந்த முறை அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நாளைக் காலை எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, அவர் எண்ணை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்க வேண்டும். அதற்கு முன் கீழே போய், தபால் பெட்டியில் அவர் பெயர் என்ன என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.