ஒன்றரை மடங்கு

துவக்கின் மேல் பூட்டிக் குறி பார்க்கிற அந்த ஸ்கோப், பார்வைக்கு ஒன்றுமில்லை. ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில், தலைக்கும் வாலுக்கும் பருமனில் வித்தியாசமில்லாத கறுப்புக் குழாய். இரண்டு முனைகளிலும் றப்பர் மூடி. எழுபதுகளின் நடுவில் சிட்னியில் நான் வேலை செய்த வேட்டைச் சாமான் கடையின் கண்ணாடி அலுமாரியில், ஒன்பது மடங்கு, பத்து மடங்கு என்று வாய் அகன்ற ஸ்கோப்புகளுக்குப் பக்கத்தில், கலியாண வீட்டுக்கு வந்த ஏழைச் சொந்தக்காரர் மாதிரி அது ஒதுங்கிக் கிடக்கும். ஒன்றரை மடங்குதான் பெருப்பித்துக் காட்டும் என்பதால் கேட்கிறவர்கள் குறைவு. ஆனால் பெரிய தோட்டா போடும் துவக்குக்கு அதைவிட நல்ல சோடி கிடையாது என்று நான் எவரோடும் மல்லுக்கு நிற்பேன்.

கொழும்பில் நில அளவைக் கருவிகள் திருத்திக்கொண்டிருந்தவன் நான். துவக்கைத் தொட்டதுகூட இல்லை. கண்ணாடி வில்லைகளில் கை பழகியவன் என்று அந்த வெள்ளைக்கார முதலாளி பின்னறையில் ஒரு மேசை போட்டுத் தந்தார். மீன்கூடச் சமைக்காத வீட்டில் வளர்ந்தவன் காட்டில் திரியும் எருமைகளைச் சுடுகிறவர்களுக்கு யோசனை சொல்கிறானே என்று மனைவி சிரிப்பாள். யோசனை ஒன்றும் பெரிய வித்தையல்ல. எருமை முப்பது மீற்றர் தூரத்தில் பற்றைக்குள்ளிருந்து கிளம்பும். ஒன்பது மடங்கில் பார்த்தால் அதன் வயிற்று மயிரை எண்ணலாமே தவிர, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாது. அந்தத் துவக்குகளின் உதையும் பொல்லாதது. கண்ணுக்கும் குழாய்க்கும் இடையில் நாலு விரல் இடைவெளி இல்லாவிட்டால் விளிம்பு வந்து புருவத்தைக் கிழித்துவிடும். புருவத்தின் மேல் பிறைத் தழும்போடு வருகிறவர்களுக்கு நான் விளக்கம் சொன்னதே இல்லை. அவர்களே சின்னக் குழாயைக் காட்டுவார்கள். இன்னொரு வசதி, ஒன்றரை மடங்கென்றால் இரண்டு கண்ணையும் திறந்தபடி குறி பார்க்கலாம்.

ஒரு சனிக்கிழமை காலை டொக்டர் கடைக்கு வந்தார். எங்களூர்க்காரர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சத்திரசிகிச்சை நிபுணர். அப்போது இங்கிருந்த தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். யார் வீட்டு விருந்தென்றாலும் அவருடைய கைராசி பற்றிப் பேசாமல் பாயசம் வராது. வன்னியில் பன்றி சுட்டுப் பழகியவர், அடுத்த மாதம் கூட வேலை செய்யும் ஒரு வைத்தியரோடு அவுஸ்திரேலியாவின் வடக்கே எருமை வேட்டைக்குப் போவதாக இருந்தார்.

"தம்பி, அந்த ஒன்பது மடங்கைத் தாரும். எனக்குப் பெரிசாத் தெரியவேணும்," என்றார்.

"எருமை ஏற்கெனவே பெரிசுதானே, டொக்டர். இதை ஒருக்காப் பாருங்கோ. ரெண்டு கண்ணையும் திறந்து வையுங்கோ."

பின்னறைக்குக் கூட்டிப் போனேன். யன்னலுக்கு வெளியே, ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் ஒரு வர்ணக் கடையின் விளம்பரப் பலகை இருந்தது. அவர் குழாயை வலக்கண்ணில் வைத்து, பலகையில் இருந்ததை வரி வரியாக வாசித்தார். கீழேயிருந்த தொலைபேசி எண்ணையும் விடவில்லை. "நல்ல வடிவாத் தெரியுது. நீர் சொன்னது சரிதான்," என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெட்டியை எடுக்கத் திரும்பும்போதுதான் பார்த்தேன். முன்பக்க மூடி அப்படியே இருந்தது. பேச்சுச் சுவாரசியத்தில் பின்மூடியை மட்டும் கழற்றிவிட்டு நீட்டியிருக்கிறேன்.

முதலில் சிரிப்பு வந்தது, பிறகுதான் உறைத்தது. நல்ல வலக்கண்ணாக இருந்தால் அந்த இருட்டு அந்தக் கணமே இடித்திருக்கும். அவர் வாசித்ததெல்லாம் இடக்கண்ணால். வலக்கண் அவ்வளவுக்கு மங்கிவிட்டது, அது அவருக்கே தெரியவில்லை. ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் பிடிபடாது என்பது என் தொழிலில் அரிச்சுவடி. இந்த மனிதர் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆட்களின் வயிற்றைத் திறந்து கத்தி பிடிக்கிறார்.

நான் குழாயை வாங்கி, மூடியைக் கழற்றி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டேன். "இதில ஏதோ பிழை, டொக்டர். வேற ஒண்டு எடுத்துத் தாறன்," என்றேன். டொக்டருக்குக் கண்ணில் கோளாறு என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல எங்கள் ஆட்களில் யாருக்கு நாக்கு வரும்? அதிலும் முன்னறையில் வெள்ளைக்கார முதலாளி நிற்கும்போது.

அவர் என் மூடிய கையைப் பார்த்தார். "கையை விரியும்."

விரித்தேன். மூடியை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு ஸ்கோப்பைத் தானே எடுத்து வலக்கண்ணில் வைத்து, இடக்கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். ஒழுங்கையில் ஒரு லொறி வந்து நின்று, சாமான் இறக்கி, புறப்பட்டும் போய்விட்டது. அவர் அசையவில்லை.

"பலகை இருக்கெண்டு தெரியுது," என்றார். "எழுத்து இல்லை."

கதிரையை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். "வெளிச்சம் காணாது, கண்ணாடி மாத்தவேணும் எண்டு ஒரு வருசமாச் சாட்டுச் சொல்லிக்கொண்டு திரியிறன், தம்பி. ரெண்டு கண்ணும் திறந்திருக்கேக்க ஒண்டும் விளங்கேல்ல. அந்த ரெலிபோனை இஞ்சால தாரும்."

ஆஸ்பத்திரிக்கு எடுத்தார். செவ்வாய்க்கிழமைச் சத்திரசிகிச்சைகளை வேறொருவரிடம் கொடுக்கும்படி ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். மறுமுனையில் என்னவோ கேட்டார்கள். "இல்லை, அடுத்த கிழமையும் இல்லை," என்றார். மற்றக் கை மட்டும் தொலைபேசி வயரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது, வில்லை துடைக்கும் துணியை எடுத்து எதையோ துடைத்தேன்.

அதன் பின் அவர் கத்தி எடுக்கவில்லை. மாணவர்களுக்குப் படிப்பித்தார். வேட்டைக்கும் போகவில்லை, துவக்கை விற்றுவிட்டதாகக் கேள்வி. காலமாகி வெகுகாலம். இங்கே மேய்ஸ் ஹில் கோயிலில் பழைய ஆட்கள் கூடினால் இன்றைக்கும் அவர் பேச்சு வரும். தானாகவே நிறுத்திய பெரிய மனிதன் என்பார்கள். கடையில் முதலில் கண்டுபிடித்தது நான்தானாமே என்று அவருடைய மகள் ஒருமுறை என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அப்பா சொல்லியிருக்கிறார்.

நன்றியை வாங்கிக்கொண்டேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. செவ்வாய்க்கிழமை என்றால் என்னவென்று தெரிந்துகொண்டேதான் அந்த மூடியை நான் ஒளித்தேன். அவர் கையை விரியும் என்று சொல்லியிராவிட்டால், வேறொரு ஸ்கோப்பைக் கட்டிக் கொடுத்து, கார்வரைக்கும் கொண்டுபோய் வைத்து, "போயிட்டு வாங்கோ, டொக்டர்" என்று சொல்லியிருப்பேன்.