வெளிச்சமான பல்பு கேட்டவர்

தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு எலக்ட்ரிகல் கடையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும். பாத்ரூம் சீலிங்கில் பதிக்கிற பன்னிரண்டு வோல்ட் பல்பு ஃபியூஸாகிவிட, அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கடைக்காரர் எரியவிட்ட ஒவ்வொரு எல்.இ.டி. பல்புக்கும் கீழே உள்ளங்கையை நீட்டி, ரேகை தெரிகிறதா என்று பார்த்தார்.

“இன்னும் வெளிச்சமா வேணும்.”

“பாத்ரூமுக்கு இதுவே ஜாஸ்தி மேடம். கண்ணு கூசும்.”

“கூசட்டும். எங்க வீட்டுக்காரருக்குப் பார்வை குறைஞ்சுக்கிட்டே வருது. குளிக்கும்போது துணைக்கு வரேன்னா கோபப்படறார். வெளிச்சம் இருந்தா தனியாவே சமாளிச்சுப்பார்.”

கடைக்காரர் வேறொன்றை மாட்டினார். எனக்கே கண் கூசியது. “இது அஞ்சு வருஷம் உழைக்கும் மேடம்.”

“அவ்வளவு நாள் அவருக்குப் பார்வை இருக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்,” என்றார் சாதாரணமாக. “ரெண்டா கொடுங்க.”

அந்தக் குரலில் இருந்தது துக்கமா, பிடிவாதமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.