ஒரே ஃபைலில் இரண்டு பேர்

1. ராசிபுரம் பக்கம் அப்பா இருபத்திரண்டு வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்த நூல்மில்லை மூடினார்கள். அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது.
2. அதே கோடையில் நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தேன்.
3. புதுச்சத்திரம் அருகே கோழித்தீவன ஆலை ஒன்றில் பராமரிப்பு வேலைக்கு ஆள் எடுத்தார்கள். இடம் ஒன்றுதான். இருவருமே போனோம்.
4. இருவர் சான்றிதழ்களும் ஒரே நீல ஃபைலில் இருந்தன.

நான்காவதுதான் தவறு. "ஒரே ஊட்டுல இருந்து போறோம், ரெண்டு ஃபைல் எதுக்கு சாமி?" என்று அப்பா தன் தாள்களை என்னுடையவற்றுக்குப் பின்னால் செருகிவிட்டார். காலையில்தான் தலைக்கு டை அடித்திருந்தார். காதோரம் கறுப்பு ஒட்டியிருந்தது. பஸ்ஸில் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. "இருக்கட்டும், இன்னும் ரெண்டு வயசு கொறையும்" என்றார். ஆலை வாசலில் வாட்ச்மேன் அவரைப் பார்த்து, "பொண்ணுக்குத் துணைக்கு வந்தீங்களா? அப்படி மரத்தடியில உக்காருங்க" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். ஃபைல் என் கையில் இருந்தது.

உள்ளே மேனேஜர் அதைப் புரட்டிக்கொண்டே வந்து கடைசித் தாளில் நிறுத்தினார். "இந்த அனுபவச் சான்று யாருது?" சொன்னால் அந்த வேலை எனக்கு இல்லாமல் போகலாம். சொன்னேன். அப்பாவை அழைத்தார்கள். மோட்டார், பேனல் போர்டு என்று கேட்ட எல்லாவற்றுக்கும் என்னைவிட நன்றாகப் பதில் சொன்னார். "வயசு ஜாஸ்தியாயிருச்சுங்களே" என்றார் மேனேஜர். "மோட்டாரு அதைக் கேக்காதுங்க" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

திரும்பும் வழியில் எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். "எதுக்குங்கப்பா ஆமான்னீங்க?" என்று கேட்டேன். "பின்ன, உன்னோட போட்டிக்கு வந்தேன்னு அந்தாளுகிட்டச் சொல்லோணுமா?" என்றார். அவர் வேலையை எனக்கு விட்டுக்கொடுத்தார் என்று எழுத மாட்டேன். கூப்பிட்டதும் வேகமாகத்தான் வந்தார். வேலை வேண்டும் என்றுதான் பேசினார். ஆனால் வாசலில் அந்த ஒரு கணத்தில் தன்னைவிட என்னை முதலில் நினைத்திருக்கிறார். அதற்கு இதுவரை நன்றி சொன்னதில்லை. சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

இன்றைய நிலவரம் இது. ஆலையில் எனக்கு இரண்டாவது வருடம். அப்பாவுக்கு இன்னும் வேலை இல்லை. பென்ஷன் வர ஒரு வருடம் இருக்கிறது. நீல ஃபைலில் அவர் தாள்களை முன்னால் மாற்றிவிட்டேன். திங்கட்கிழமை நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வயரிங் வேலைக்கு நேர்காணல். நான் லீவு சொல்லியிருக்கிறேன். துணைக்குப் போகிறேன்.