பதினைந்து சீர்

தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் நான் கணக்கெழுதும் கிராணி. எதையும் எண்ணிப் பார்க்காமல் இருக்கமாட்டேன். எங்கள் லயத்து வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கு இருநூற்றுப் பதினொரு படி. யாப்பிலக்கணத்தைத் தபால் வழியாகப் படித்திருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழுந்து பறிக்கும் என் மனைவி, தானே கட்டிய பாட்டு ஒன்றைச் சொல்லிக்காட்டினாள். விடியலில் பனி சரிவில் இறங்கி, செடி செடியாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெயில் வந்ததும் சொல்லிக்கொள்ளாமல் போய்விடுகிறது. நான்கே அடி.

விரல்விட்டு எண்ணினேன். முதல் அடியில் நான்கு சீர், அடுத்ததில் மூன்று, மறுபடி நான்கு, மறுபடி மூன்று.

"பதினாலு சீர்தான் இருக்கு. வெண்பாவுக்குப் பதினஞ்சு வேணும். உன் ரெண்டாவது அடி நொண்டுது."

"பாட்டு நொண்டுதா, உங்க விரல் நொண்டுதா, நல்லாப் பாருங்க லா," என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. இரண்டாம் அடியில் ஒரு சீர் சேர்த்தேன். தளை தட்டிய நான்கு இடங்களில் சீரையே மாற்றினேன். திருத்தியதை மட்டும் நோட்டில் எழுதி வாசித்துக் காட்டினேன்.

மறுநாள் மலையிலிருந்து திரும்பியவள், "நீங்க எழுதுனதுல கையே ஓடலங்க," என்றாள்.

"பாட்டுக்கும் கைக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் சோறு போட்டாள்.

ஆறு வருடம் கழித்து, தானா ராத்தா நகரத்து ஆஸ்பத்திரியில் அவள் இறந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவள் பறித்த சரிவில் முதன்முறையாக ஏறினேன். அதுவரை கொழுந்தை லாரியிலிருந்து இறக்கும்போதுதான் பார்த்திருக்கிறேன். அவள் பக்கத்து நிரையில் பறித்து வந்த பெண் வேலையில் இருந்தாள். அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்தேன். ஏழு முறை கிள்ளின. பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலே போய் முதுகுக் கூடையில் எறிந்தன. மறுபடி ஏழு, மறுபடி கூடை. நான்கும் மூன்றும் ஏழு. நான் சீர் வைத்து அடைத்தது, கை கூடைக்குப் போகும் இடத்தை.

"அந்தப் பனிப் பாட்டு ஞாபகம் இருக்காம்மா?"

"எங்கண்ணே! ஒரு நாளோ ரெண்டு நாளோ பாடுச்சு. நீங்க திருத்துன பொறகு அக்கா வாயே தொறக்கல. நாங்களும் கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சிட்டோம்."

நோட்டு இன்னும் இருக்கிறது. பதினைந்து சீர், ஒரு தளையும் தட்டவில்லை. ஐந்து என்னுடையவை, பத்து அவளுடையவை. எந்தப் பத்து என்று தெரியவில்லை. 'பனி' என்ற சொல்கூட அவள் சொன்னதுதானா, நான் வைத்ததா என்று இன்று காலையும் எண்ணிப் பார்த்தேன்.