நண்டுத் தொட்டியில் பத்து நிமிடம்

ஜெபசீலியின் வலது கெண்டைக்காலில் பதினேழு தையல் இருக்கிறது. யாராவது கேட்டால் நாய் கடித்தது என்பாள். நாய் இல்லை. நண்டு. ஓசூரில் கடல் ஏது, நண்டு ஏது என்று நீங்கள் சிரிக்கலாம். தையல் போட்ட டாக்டரும் சிரித்தார். அப்புறம் இடுக்கியை உள்ளே விட்டு ஒரு கொடுக்குத் துண்டை வெளியே எடுத்தார். அதோடு அவர் சிரிப்பு நின்றது. நடந்தது அத்தனையும் நடந்ததுதான். சேர்த்துச் சொன்னது ஒரு வரி கூட இல்லை.

ஜூஜுவாடியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கேபிள் கம்பெனி. கடலுக்கு அடியில் போடுகிற கரன்ட் கேபிள் செய்கிறார்கள். ஒவ்வொன்றும் தொடை கனம் இருக்கும். வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஒரு காகிதம் கேட்டிருந்தார்கள். இந்தக் கேபிளால் கடல் உயிர்களுக்குக் கெடுதல் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்காகக் கடைசி ஷெட்டில் ஒரு சிமென்ட் தொட்டி கட்டி, உப்புத் தண்ணீர் நிரப்பி, அடியில் கேபிளைப் போட்டார்கள். பழவேற்காட்டிலிருந்து நாற்பத்திரண்டு நண்டுகள் வேனில் வந்தன. அவற்றைப் பார்த்து எழுதுவது ஜெபசீலியின் வேலை.

கேபிளில் கரன்ட் விட்ட அன்றைக்கே நண்டுகள் ஒவ்வொன்றாக நடந்து வந்தன. கேபிளை ஒட்டி வரிசையாக உட்கார்ந்தன. கால்களை மடக்கிக்கொண்டு, முகம் கேபிள் பக்கம். அதற்கப்புறம் அசையவில்லை. இரை ஒரு சாண் தள்ளிக் கிடந்தது, எடுக்கவில்லை. மூன்று வாரத்தில் பதினோரு நண்டுகள் உட்கார்ந்த இடத்திலேயே பட்டினியாய்ச் செத்தன.

ஜெபசீலி உள்ளதை உள்ளபடி எழுதினாள். இன்ஜினியர் சுரேந்தர் அந்தத் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

"பத்து நிமிஷம் மெயினை ஆஃப் பண்ணும்மா. அதுங்க எழுந்து நடக்கும், சாப்புடும். அப்ப போட்டோ எடு, அப்ப எழுது. அதுல என்ன பொய் இருக்குது?"

அவளுடைய தம்பி ஸ்டீவுக்கும் அங்கேயே வேலை போட்டுத் தருவதாகச் சொன்னார். மத்தூரில் சும்மா உட்கார்ந்திருந்த தம்பி. அம்மா அப்பா இல்லாத வீட்டில் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே ஆள்.

அவள் செய்தாள். மெயினை அணைத்தால் நண்டுகள் கலைந்து ஓடி அவசரமாகத் தின்றன. பத்தாவது நிமிடம் போட்டால் திரும்பி வந்து உட்கார்ந்தன. எல்லாம் இயல்பாக இருக்கிறது என்று ஒரு மாதம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஸ்டீவுக்கு யூனிஃபார்ம் வந்தது.

அன்றைக்கு ஆயுத பூஜை. அக்கா தம்பி இரண்டு பேரும் சர்ச்சுக்குப் போகிறவர்கள், பூஜையில் நிற்பதில்லை. அதனால் தொட்டியைக் கழுவும் வேலை ஸ்டீவுக்கு. தண்ணீரை முழங்கால் அளவுக்கு இறக்கியிருந்தார்கள். கேபிள் முனையின் உறையையும் கழற்றியாகிவிட்டது, வெறும் செம்பு தண்ணீரில் கிடந்தது. அந்தக் கம்பெனியில் ஒரு முறை உண்டு. யார் உள்ளே இறங்கினாலும் தன் பெயர் எழுதிய சிவப்புப் பூட்டை கேட் பக்கத்து ஸ்விட்ச் ரூமில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். பூட்டு தொங்கும்வரை யாரும் கரன்ட் போட முடியாது. மதியம் 1:50-க்கு ஸ்டீவ் பூட்டை மாட்டிவிட்டு இறங்கினான்.

2:55. ஜெபசீலி பூஜை நடக்கும் ஹாலைத் தாண்டிப் போனாள். ஸ்பேனர், டிரில், கட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கியிருந்தார்கள். நடுவில் ஒரு சிவப்புப் பூட்டு. ஸ்டீவ் என்ற பெயரின் மேலேயே குங்குமம்.

எலக்ட்ரீஷியன் மாதப்பனிடம் கேட்டாள். மாற்றுச் சாவி அவரிடம்தான் இருக்கும்.

"ஆயுதம்னா எல்லாந்தான்மா. இத்த மட்டும் உட்டா அதுக்குக் கோவம் வராதா?" என்றார். "உன் தம்பிதான் வெளிய வந்துட்டானே. தலையிலருந்து சொட்டச் சொட்டப் போனான். கூப்ட்டேன், திரும்பல. தொரைக்குக் காது கேக்கல போல."

அவள் சரி என்று நகர்ந்துவிட்டாள். கேன்டீனில் ஸ்டீவ் இல்லை. கை கழுவும் இடத்திலும் இல்லை. போன் போட்டாள், லைன் கிடைக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் முழங்கால் அளவுதானே... தலை எப்படி நனையும்?

3:06. ஷெட்டுக்குள் விளக்கு இல்லை. மேலே இருந்த ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வெயில். சேற்று வாடை. தொட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

டக்... டக்... டக்...

எட்டிப் பார்த்தாள். நண்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. முகம் கேபிள் பக்கம்.

கரன்ட் இல்லை. பின் எதற்கு வந்தன?

பழக்க தோஷம், எண்ணினாள். நாற்பத்திரண்டு.

பதினொன்று செத்துப்போனது. அவள் கையால் அள்ளிப் புதைத்தது.

வரிசையின் கடைசியில் ஸ்டீவ். தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தான். முழங்காலை மடக்கி, கைகளை நெஞ்சோடு ஒட்டி. முகம் கேபிள் பக்கம்.

"ஸ்டீவ்."

அசையவில்லை.

3:11. வெளியே பூசணிக்காய் உடைகிற சத்தம். மேளம். பூசணி உடைத்ததும் ஒவ்வொரு ஷெட்டாக ஒரு நிமிடம் கரன்ட் போட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். நல்ல நேரத்தில் ஓடினால் வருஷம் முழுக்க நிற்காமல் ஓடும் என்று. இது கடைசி ஷெட். ஸ்விட்ச் ரூம் கேட் பக்கம், ஓடிப்போய்ச் சேர்வதற்குள் போட்டுவிடுவார்கள். போனில் டவர் இல்லை. கத்தினாள். மேளம் விழுங்கியது.

குதித்தாள்.

அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். வரவில்லை. ஐம்பத்தெட்டு கிலோ தம்பி பாறை மாதிரி இருந்தான். தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். அவன் திரும்பினான். அவளை அடையாளம் தெரிந்த மாதிரியே இல்லை. அவள் கையைக் கடித்தான். எலும்பு வரைக்கும். அவள் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினான். ஒரு தடவை. இன்னொரு தடவை. காதோரம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது.

கெண்டைக்காலில் ஒன்று பிடித்தது. அப்புறம் மூன்று. அப்புறம் எத்தனை என்று தெரியவில்லை. சதை பிய்ந்தது.

3:16. பக்கத்து ஷெட்டில் மெஷின் உறுமியது. நின்றது.

அடுத்தது இது.

தேய்க்கிற இரும்புப் பிரஷ் கையில் பட்டது. தம்பியின் முகத்தில் ஓங்கி அடித்தாள். மூக்கு உடைந்தது. திரும்பவும் அடித்தாள். பல் தெறித்தது. அவன் பிடி தளர்ந்தது.

தூக்கினாள். சுவர் மேல் போட்டாள். தள்ளினாள்.

தானும் வெளியே விழுந்தாள்.

3:20.

ம்ம்ம்ம்...

தண்ணீர் நீலமாக வெடித்தது.

ஒரு நிமிடம். நின்றது.

டக்... டக்... சத்தமும் நின்றது.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் உயிர் தங்கியது. மூன்றாம் நாள் சுரேந்தர் கேமரா பதிவைக் காட்டினார். 1:50-லிருந்து 3:20 வரை அந்த ஷெட்டிலிருந்து யாரும் வெளியே வரவில்லை. தொட்டியில் அக்காவும் தம்பியும் மட்டும். நண்டு ஒன்றுகூட இல்லை. அவள் கால் தானாகக் கிழிகிறது. தொட்டியில் இறங்கும் முன்பே ஸ்டீவ் முப்பத்தொரு நண்டுகளையும் டிரம்மில் போட்டு, மூடி கட்டி, கேட் அருகே நின்ற வேனில் ஏற்றியிருந்தான். மூடி அப்படியே இருந்தது. எந்த நண்டுக்கும் கொடுக்கு குறையவில்லை. டாக்டர் எடுத்த கொடுக்குத் துண்டு மட்டும் ஜெபசீலியிடம் ஒரு தைலப் பாட்டிலில் இருக்கிறது.

காகிதம் அவள் கையெழுத்தோடு போய்விட்டது. கேபிளும் கடலில் இறங்கிவிட்டது.

ஸ்டீவ் இப்போது வீட்டில்தான். மீட்டர் பெட்டி இருக்கும் சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கிறான். முழங்காலை மடக்கி. முகம் சுவர் பக்கம். சோறு ஒரு சாண் தள்ளி இருந்தாலும் எடுப்பதில்லை.

அதனால் தினமும் மூன்று வேளை அவள் மெயினை அணைக்கிறாள். அவன் எழுந்து வந்து அவசரமாகத் தின்கிறான்.

அந்த அறையில் கடிகாரம் கிடையாது. ஆனால் பத்தாவது நிமிடம் அவனே எழுந்து போகிறான்.

மெயினைப் போடுகிறான்.

உட்காருகிறான்.