படிக்காமல் பரிந்துரைத்த கணக்குப் புத்தகம்

தேனியில் கணக்கு டீச்சராக இருக்கும் உமாதேவிக்கு முகநூலில் ஒரு பக்கம் உண்டு. எல்லோரும் வாசிக்கத்தக்க கணிதப் புத்தகங்களை அதில் பரிந்துரைப்பாள். ஆரம்பத்தில் படித்துவிட்டுத்தான் எழுதினாள். ஆட்கள் சேரச் சேர, அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று கேட்டு நச்சரித்தார்கள். பள்ளிக்கூட வேலைக்கு நடுவில் முடியவில்லை. இணையத்தில் நாலைந்து விமர்சனங்களை மேய்ந்து, உருவி எழுதப் பழகிக்கொண்டாள். முடிவிலியைப் பற்றிய புத்தகத்துக்கும் அப்படித்தான் எழுதினாள். ‘எட்டாவது படித்தவருக்கும் ஒரே மூச்சில் புரியும்’ என்ற வரி மட்டும் அவளுடைய சொந்தச் சரக்கு.

தேனியில் நடந்த வாசகர் கூட்டத்துக்குக் கம்பத்திலிருந்து ரஃபியா வந்திருந்தாள். திராட்சைத் தோட்டக்காரர் வீட்டு மருமகள், நாற்பதைத் தாண்டியவள். கையில் அதே புத்தகம், ஓரமெல்லாம் நைந்து கிடந்தது.

“டீச்சர், நான் எட்டாவதோட நின்னவ. நீங்க எழுதுனதப் பாத்துத்தான் இத வாங்குனேன். மூணாவது அத்தியாயத்தத் தாண்ட முடியல. எங்க அத்தா படிப்ப நிறுத்துனாகன்னு இம்புட்டு நாளும் கோவமா இருந்தேன். மண்டையில ஒண்ணும் இல்லாததுக்கு அவுக என்ன செய்வாக?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். “பொறுமையாப் படிச்சா வரும்” என்று மழுப்பிவிட்டு நகர்ந்தாள் உமாதேவி.

பிறகுதான் புத்தகத்தை வாங்கிப் படித்தாள். மூன்றாவது அத்தியாயத்தில் அவளே திணறினாள். பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து மல்லுக்கட்டித்தான் கரை சேர முடிந்தது. ரஃபியாவின் சிரிப்பு கண்ணுக்குள்ளேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை கம்பத்துக்குப் பஸ் ஏறி, திராட்சைத் தோட்டக்காரர் வீட்டை விசாரித்துப் போய்ச் சேர்ந்தாள்.

“நான் அதப் படிக்காமலே எழுதிட்டேன் ரஃபியா. அது எனக்கே கஷ்டமாத்தான் இருந்துச்சு. குறை உங்ககிட்ட இல்ல.”

“படிக்காமயா?” ரஃபியாவின் முகம் சுருங்கியது. “நான் எம்மகட்ட சொல்லிட்டேனே டீச்சர், ஒங்கம்மா மக்குத்தான்னு.”

உமாதேவி தலையைக் குனிந்துகொண்டாள். சேர்ந்து படிக்கலாமா என்று கேட்டதற்கு, “பாப்போம்” என்று மட்டும் சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்பினாள் ரஃபியா.

திரும்பும் பஸ்ஸிலேயே அந்தப் பரிந்துரையைத் திருத்தி, படிக்காமல் எழுதியதை ஒத்துக்கொண்டாள். கேலி செய்தவர்களும் உண்டு, சொல்லாமல் விலகிப் போனவர்களும் உண்டு.

ரஃபியாவிடமிருந்து பேச்சே இல்லை. ஒரு மத்தியானம் போன் வந்தது.

“டீச்சர், மத்ததெல்லாம்? அதுல எது எதப் படிச்சீக?”

உமாதேவி தன் பக்கத்தைத் திறந்தாள். “இருங்க, ஒண்ணொண்ணாச் சொல்றேன்” என்றாள். படிக்காத ஒரு புத்தகத்தின் பெயரைத்தான் முதலில் சொன்னாள். “இதப் படிக்கல.”